செந்தாமரையின் காலுக்கு ஓர் அரண்மனை

சிங்கப்பூர் போனவர்கள் எழுதுகிறார்கள். பாரிஸ் போனவர்கள் எழுதுகிறார்கள். நான் போனது எங்கள் உப்பள வரப்பில் நின்றாலே கண்ணுக்குத் தெரிகிற இடம். சைக்கிளில் போய்விடலாம். ஆனால் அதன் வாசலுக்குள் விருந்தாளியாகக் கால் வைக்க எனக்கு அறுபது வயது நெருங்க வேண்டியிருந்தது. ஆகவே இதுவும் பயணம்தான். இல்லை என்பவர்கள் பாரிஸ் கட்டுரையையே படித்துக்கொள்ளலாம்.

மரக்காணத்திலிருந்து கூனிமேடு போகிற வழியில், ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவே மணல்மேட்டில் ஒரு மாளிகை இருக்கிறது. ஏதோ ஒரு ஜமீன்தார் கடல்காற்று வாங்கக் கட்டியது. பெரிய தூண்கள், வளைவுகள், ஜன்னலுக்கு ஜன்னல் வண்ணக் கண்ணாடி. நான் சிறுவனாக இருந்தபோது அதன் தர்பார் மண்டபத்தில் ஆடு கட்டியிருந்தார்கள். பிறகு யாரோ வாங்கி, வெள்ளையடித்து, புல் வளர்த்து, ஹோட்டல் ஆக்கிவிட்டார்கள். கார்களில் வந்து இறங்குகிறவர்களை நாங்கள் உப்பு வாரிக்கொண்டே பார்ப்போம். அவர்கள் எங்களைப் படம் எடுப்பார்கள்.

அங்கே நான் தங்கப் போனதற்குக் காரணம் என் மனைவி செந்தாமரையின் இடது கால்.

அவளுக்குச் சர்க்கரை. கட்டைவிரலுக்குக் கீழே உள்ளங்காலில் ஒரு புண். உப்புத் தண்ணீரில் நிற்கிற காலுக்குப் புண் புதிதில்லை. சர்க்கரையோடு சேர்ந்தால்தான் வினை. புதுச்சேரி டாக்டர் அவளைப் பார்த்துப் பேசவில்லை, என்னைப் பார்த்துத்தான் பேசினார். அவளிடம் சொல்லிப் பயனில்லை என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

"இன்னொரு தடவ இந்தக் காலு உப்புத் தண்ணியில எறங்குச்சுன்னா, விரலோட நிக்காதுங்க. புண்ணு மூடுற வரைக்கும் ஈரமே படக் கூடாது."

செந்தாமரை கேட்பாளா? நான் அந்தப் பக்கம் திரும்பினால் போதும், காலில் பாலித்தீன் பையைச் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டு பாத்தியில் இறங்கிவிடுவாள். உப்பு வாரும் பலகையை ஒளித்து வைத்தேன். பக்கத்து அளத்துப் பலகையை வாங்கிக்கொண்டு இறங்கினாள். நான் கத்தினேன். என் கத்தல் அவளுக்குக் காக்கைச் சத்தம் மாதிரி, கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது.

சென்னையில் வேலை செய்யும் மகள் கவிதாதான் போனில் சொன்னாள். "அப்பா, நீ கத்தி ஒண்ணும் ஆவாது. சொந்தக்காரங்க வூட்ல வுட்டா அங்க பாத்திரம் வெளக்கும். அம்மாவ வேலையே இல்லாத எடத்துல கொண்டு போயி வெக்கணும்." தூரமாக எங்கேயும் வர மாட்டேன் என்று செந்தாமரை அடம் பிடித்தாள். அளம் கண்ணில் பட வேண்டுமாம். வேலையே இல்லாத இடம், அளமும் கண்ணில் பட வேண்டும் என்றால் அந்த மாளிகை ஒன்றுதான். அறை போடுவது, பணம் கட்டுவது எல்லாம் மகள் பார்த்துக்கொண்டாள்.

முதல் நாள், உப்பு வியாபாரியின் குட்டி யானை லோடு வண்டியில் போய் இறங்கினோம். பின்னால் காலி சாக்குகள். செந்தாமரை முன் சீட்டில் ராணி மாதிரி, கட்டுப்போட்ட காலை டாஷ்போர்டில் நீட்டிக்கொண்டு. செக்யூரிட்டி வண்டியைத் தட்டினார்.

"உப்பு டெலிவரி பின்பக்க கேட்டு பெரியவரே."

"உப்பு இல்லப்பா. இன்னிக்கு நாங்கதான் டெலிவரி."

அவர் உள்ளே போன் பேசினார். திரும்பி வந்து விறைப்பாக சல்யூட் அடித்தார். நான் பதிலுக்கு ஒன்றும் செய்யவில்லை. அதே கேட்டில் அவர் என்னைப் பல தடவை பின்பக்கம் அனுப்பியிருக்கிறார்.

முன்மண்டபத்தில் எங்களை உட்கார வைத்தார்கள். கசவுச் சேலை கட்டிய ஒரு பெண் பித்தளைத் தாம்பாளம் கொண்டுவந்து செந்தாமரையின் காலடியில் வைத்து மண்டியிட்டாள். வெதுவெதுப்பான தண்ணீர், மேலே ரோஜா இதழ்.

"வெல்கம் சார், வெல்கம் மேடம். பாதபூஜை மாதிரிங்க. நம்ம மரக்காணம் உப்பு போட்ட தண்ணி. கால் வலியெல்லாம் போயிடும்."

நான் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. "யாரு இத கொண்டாரச் சொன்னது? எடுத்துக்கினு போ! மொதல்ல எடு!" என்று போட்ட சத்தத்தில் அங்கே காபி குடித்துக்கொண்டிருந்த இரண்டு வெள்ளைக்காரர்கள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்கள். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது.

செந்தாமரை சிரித்தாள். "உப்புத் தண்ணிக்கு பயந்துக்கினு இங்க ஓடியாந்தா, தாம்பாளத்துல வெச்சி கொண்டாறாங்க பாரு. ஏன்யா அந்தப் பொண்ண மெரட்டுற? அது இன்னா கண்டுச்சு?" பிறகு அவளிடம், "கண்ணு, இந்தக் காலு வேணாம். அந்தக் காலு கழுவு. அதுக்கு ஒண்ணும் இல்ல" என்றாள்.

கட்டுப்போட்ட காலை என் மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். ஒரு சொட்டுக்கூடத் தெறிக்காமல் துண்டால் மூடினேன். அந்தப் பெண் வலது காலை இரண்டு கையாலும் ஏந்தி, விரலிடுக்கெல்லாம் பொறுமையாகக் கழுவினாள். செந்தாமரை குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். எத்தனையோ பேருக்குக் கால் கழுவிவிட்டவள், தன் காலை இன்னொருத்தி கழுவுவதை அன்றுதான் பார்த்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அறையைப் பற்றி என்ன சொல்ல? கட்டில் இடுப்பு உயரம், ஏறுவதற்கு மரப்படி. குளிக்கிற தொட்டியில் ஒரு மாட்டைப் படுக்க வைக்கலாம். மெத்தையில் படுத்தால் ஆள் உள்ளே போய்விடுகிறது. "செத்தவன தூக்குறா மாதிரி ரெண்டு பேரு வேணும் இதுலேர்ந்து எழுந்திரிக்க" என்றாள் செந்தாமரை. நான் தரையில் போர்வை விரித்துப் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன் என்று பொய் சொல்ல மாட்டேன். தரையும் பளிங்கு, முதுகு ஜில்லிட்டது.

இரண்டாம் நாள் காலையில் நான் முகம் கழுவி வருவதற்குள் அவள் படுக்கையை மடித்து, தலையணையை அடுக்கி, மேஜையைத் துடைத்து முடித்திருந்தாள். ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே. அறை கூட்ட வந்த அம்மாள் வாசலில் நின்று மோவாயில் கை வைத்தார்.

"இன்னாம்மா இது? நீங்களே பண்ணிட்டா எனக்கு இன்னா வேல? சூப்பர்வைசர் பாத்தா, நான் வரவே இல்லன்னு நெனப்பாரு."

"சரி, கலைச்சி வுட்டுர்றேன். நீ பண்ணு."

உண்மையிலேயே கலைத்தாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. வேலையே இல்லாத இடம் என்று மகள் சொன்ன இடத்தில் முதல் காலையிலேயே இந்தக் கூத்து.

கட்டு மாற்றுவது நான்தான். நர்ஸ் சொல்லிக் கொடுத்திருந்தார். என் விரலெல்லாம் வெடிப்பு. பஞ்சைப் பிரித்தால் நூல் வெடிப்பில் மாட்டிக்கொள்ளும். அவளுக்குக் கூசும், காலை இழுப்பாள், நான் திட்டுவேன். புண் அப்படியேதான் இருந்தது. சுற்றிலும் வெள்ளையாக ஊறிய தோல். மூடுகிற அறிகுறி இல்லை. இரண்டு பேரும் அதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனோம்.

சாப்பாட்டு மண்டபத்தில் நாசர் பாய் எங்களுக்குக் கிடைத்தார். கூனிமேட்டுக்காரர், பரிமாறுகிறவர், கறுப்புக் கோட்டு, நாற்பது வயது இருக்கும். இட்லி பாட்டில் மூடி அளவு இருந்தது. மீன் வறுவலில் உப்பும் இல்லை, காரமும் இல்லை. வெளிநாட்டு நாக்குக்கு அப்படித்தானாம். உப்பு கேட்டேன். மிளகு அரைக்கிற மாதிரி ஒரு மரக் குப்பியை நாசர் கொண்டுவந்து திருகினார். ரோஸ் கலரில் தூளாக விழுந்தது.

"இது இன்னா பாய்?"

"இமாலயா மலை உப்புண்ணே. கெஸ்ட்டுங்க விரும்புறாங்க."

நான் அவரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியாகத் தெரிந்த உப்பளத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, "கோவப்படாதீங்கண்ணே. நேத்து நீங்க போட்ட சத்தமே இன்னும் ஆபீஸ்ல ஓடினு இருக்குது" என்றார்.

"நம்ம உப்பு காலு கழுவ, மல உப்பு நாக்குக்கா?" என்றேன். செந்தாமரைக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. மதியம் நாசர் தன் வீட்டு டிபன் பாக்சைத் துணியில் மறைத்துக் கொண்டுவந்தார். கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. "மேனேஜருக்கு வாசன போறதுக்குள்ள முடிச்சிடுங்க" என்றார். பொன்முலாம் பூசிய தட்டில் போட்டு முடித்தோம். அவர் சம்சாரத்துக்கு நல்ல கை.

சாயங்காலம் விருந்தினர்களுக்கு மாளிகையைச் சுற்றிக் காட்டினார்கள். அந்தக் காலத்தில் தர்பார் மண்டபத்தில் நாட்டியம் நடக்கும், ஜமீன் ராணி மாடத்திலிருந்து பார்ப்பார் என்று வழிகாட்டி இங்கிலீஷில் சொன்னதை நாசர் தமிழில் சொன்னார். "நான் பாத்தப்ப அந்த மூலையில ஒரு கெடா இருந்துச்சு. கொம்பால முட்டி இந்தத் தூண ஒடச்சது அதுதான்" என்றேன். அதை நாசர் இங்கிலீஷில் சொல்லித் தொலைத்தார். அதற்குப் பிறகு ஒருத்தரும் ராணியின் மாடத்தைப் படம் எடுக்கவில்லை. எல்லோரும் அந்தத் தூணைத்தான் எடுத்தார்கள்.

பிறகு மொட்டை மாடி. அங்கேதான் எங்கள் பயணமே மாறியது.

மாடியில் மூன்று காலில் ஒரு தொலைநோக்கி நிற்கிறது. அளங்களுக்கு அந்தப் பக்கம் கழுவெளிச் சதுப்பில் இறங்குகிற பூநாரைகளைப் பார்ப்பதற்காக. செந்தாமரை அதில் கண்ணை வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை. மெதுவாகக் குழாயைத் திருப்பினாள். நிறுத்தினாள். இடுப்பிலிருந்த போனை எடுத்தாள்.

"டேய் சேகரு! வடக்குப் பாத்தி மட கசியுது. கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது?"

சேகர் என் தம்பி. அவனும் அவன் மனைவி மல்லிகாவும்தான் எங்களுக்குப் பதிலாக அளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போனில் அவன் குரல் கேட்டது. "அண்ணி, நீ பங்களாவுலதான இருக்கிற? அங்கேர்ந்து இன்னா தெரியும் உனக்கு?"

"நீ இப்ப பீடிய கீழ போட்டது தெரியும்."

நான் கண்ணை வைத்துப் பார்த்தேன். சேகர் சுற்றுமுற்றும் பார்த்தான். வானத்தைப் பார்த்தான். பிறகு மாளிகை இருக்கிற திசைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மடையை அடைக்க ஓடினான்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வேலையை மறக்கட்டும் என்று அழைத்து வந்தால், மாடியில் உட்கார்ந்து மேஸ்திரி வேலை பார்க்கிறாள். வாயைத் திறந்தேன். அப்போதுதான் கவனித்தேன். அவள் உட்கார்ந்திருந்தாள். கால் ஸ்டூல் மேல் இருந்தது. எத்தனையோ நாளில் அந்தக் கால் அவ்வளவு நேரம் தரையில் படாமல் இருந்தது அன்றுதான். வாயை மூடிக்கொண்டேன்.

கல்கத்தாவிலிருந்து வந்த ஒரு வயதான அம்மாள் பறவை பார்க்கக் காத்திருந்தார். பொறுத்துப் பார்த்துவிட்டு நாசரிடம் கேட்டார்: "இந்தப் பெண்மணி இவ்வளவு நேரமாக எந்தப் பறவையைப் பார்க்கிறார்?"

நாசர் எங்களிடம் திரும்பினார். "பறவ பேரு சேகருன்னு சொல்லிடட்டா அண்ணே?"

சொன்னார். அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் ஓர் ஒப்பந்தம். கொஞ்ச நேரம் பூநாரை, கொஞ்ச நேரம் சேகர். இவள் தமிழில் பேசுவாள், அவர் வங்காளத்தில் பேசுவார். எதைப் பற்றி என்று கடவுளுக்குத்தான் தெரியும். சாப்பாட்டுக்கு அழைத்தால்கூட எழுந்து வரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் கட்டைப் பிரித்தேன். புண்ணின் ஓரத்தில் நகக்கண் அகலத்துக்கு இளஞ்சிவப்பாகப் புதுத் தோல். ஜன்னல் பக்கம் காலைத் திருப்பி மறுபடியும் பார்த்தேன். அவளும் எட்டிப் பார்த்தாள். "மூடுதா?" என்றாள். "மூடுது" என்றேன். உடனே "ஆட்டாத காலை" என்று அதட்டினேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போனோம். திண்டிவனம் பக்கம் வானம் கறுத்திருந்தது. கோடை மழை. அளத்துக்காரனுக்கு அதைவிடக் கெட்ட சொல் கிடையாது. செந்தாமரை குழாயில் பார்த்தாள். வாரிய உப்பு பாத்தி ஓரத்தில் சின்னச் சின்னக் குவியலாகக் கிடந்தது. கரைமேட்டுக்கு இன்னும் ஏற்றவில்லை. மேட்டுக்கு ஏற்றித் தார்ப்பாய் போட்டால் பிழைக்கும். பாத்தியில் கிடந்தால் வந்த வழியே தண்ணீராகப் போகும். சேகர் பழுதான பம்ப் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு திண்டிவனம் போயிருந்தான். மல்லிகா தனியாகக் கூடை சுமந்துகொண்டிருந்தாள்.

செந்தாமரை எழுந்தாள். ஜாக்கெட்டுக்குள் கை விட்டாள். பாலித்தீன் பை, ரப்பர் பேண்டு. வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறாள்.

நான் பிடுங்கினேன். அவள் விடவில்லை. பை கிழிந்தது.

"வுடுய்யா. அவ ஒருத்தி இன்னா பண்ணுவா? அவ்ளோ வெயிலும் தண்ணியா போவட்டுமா?"

"போவட்டும்! உப்பு நாளைக்கும் வெளையும். காலு வெளையுமா? இன்னிக்குக் காலையிலதாண்டி தோல் வந்துச்சு!"

கல்கத்தா அம்மாளும் நாசரும் அசையாமல் நின்றார்கள். செந்தாமரை தன் காலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்தாள் என்று நினைத்தேன், அப்படி இல்லை. பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்ப நீ போ. நான் இங்கேர்ந்து பாத்துச் சொல்றேன். எழுந்திரிக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமெல்லாம் கேக்காத. மழ வருது, ஓடு."

வாசலில் பேட்டரி வண்டி நின்றது. ரோட்டுக்கு வராதாம். விருந்தினர்கள் உலாவுவதற்கு வைத்திருந்த சைக்கிள்களில் ஒன்றை எடுத்தேன். முன்னால் பூக்கூடை கட்டிய சைக்கிள். காவலாளி, "சார், அது கெஸ்ட்டுக்கு" என்றார். "அப்ப நான் யாரு?" என்றேன். வழி விட்டார். ஈசிஆரில் ஏறியதும் செயின் கழன்றது. மாட்டினேன், மறுபடியும் கழன்றது. பூக்கூடை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு கிழவன் ஓடுவதைப் பார்த்து டூரிஸ்ட் பஸ்ஸில் கை தட்டினார்கள். நல்லா இருங்கடா என்று ஓடினேன்.

அளத்தில் நிற்கிறவனுக்கு மழை எந்தப் பக்கமிருந்து தொடுகிறது என்று தெரியாது. எல்லாப் பக்கமும் கறுப்பு. மாடியில் இருக்கிறவளுக்குத் தெரிந்தது. சட்டைப் பையில் போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்திருந்தேன். நெஞ்சுக்குள்ளிருந்து அவள் பேசுவது மாதிரி இருந்தது.

"தெக்குப் பாத்திய வுடு. மழ அங்க வந்துடுச்சு. அது போச்சு."

"பாதி வாரிட்டேன்டி."

"போச்சுன்னு சொல்றேன்ல. வடக்க போ. மல்லிகா, நீயும் போ. அங்க இன்னும் நேரம் இருக்குது."

தெற்குப் பாத்தியைத்தான் அவள் கால் போன பாத்தி என்று சொல்வோம். அந்த உப்பை வாரித்தான் புண் வந்தது. அதை ஒரே சொல்லில் விட்டாள். நாங்கள் வடக்கே ஓடினோம். கூடை கூடையாக மேட்டில் கொட்டினோம். பக்கத்து அளத்துக்காரர்கள் தங்கள் குவியலை மூடி முடித்ததும் கேட்காமலே வந்து எங்கள் தார்ப்பாயைப் பிடித்தார்கள். எங்கள் பக்கம் அது வழக்கம். மழைக்கு முன்னால் உன் உப்பு, என் உப்பு கிடையாது. யாரும் யாருக்கும் நன்றி சொல்வதும் கிடையாது.

தார்ப்பாய் ஏறியபோது மழை எங்கள் மேல் விழுந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. பிறகு மழை எங்களைத் தாண்டிக் கடல் பக்கம் போனது. மாளிகை இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. அப்போது போனில் சடசடவென்று ஒரு சத்தம்.

எனக்கு உறைத்தது. அது மொட்டை மாடி. மேலே ஒன்றும் கிடையாது.

"தாமரை! காலு! உள்ள போடி! காலு நனையுது!"

நான் கத்திய கத்தலில் மல்லிகா கூடையைக் கீழே போட்டாள். பதில் இல்லை. மழைச் சத்தம் மட்டும். எனக்கு உப்பும் தெரியவில்லை, தார்ப்பாயும் தெரியவில்லை. நகக்கண் அகலத்துக்கு இருந்த அந்தப் புதுத் தோல்தான் கண்ணில் நின்றது.

"ஏன்யா ஊரக் கூட்டுற?" என்றது போன். "காலு காஞ்சிதான் கெடக்குது. ஒரு குடைய நாசர் பாய் புடிச்சிக்கினு நிக்கிறாரு. இன்னொன்ன அந்தக் கல்கத்தாம்மா. ரெண்டு குடையும் காலு மேலதான். தலதான் நனையுது."

"ஒண்ண தலைக்குப் புடிக்கச் சொல்லேன்!"

"தலையில புண்ணு இல்ல. நீ கெழக்கு முனைய இழுத்துக் கட்டு, காத்து தூக்குது."

"உனக்கு எப்பிடித் தெரியும்? இந்த மழையில அங்கேர்ந்து இன்னா தெரியுது?"

"ஒண்ணும் தெரியல. தூக்கும். போயி கட்டு."

கிழக்கு முனையைப் பார்த்தேன். தூக்கிக்கொண்டுதான் இருந்தது.

கட்டிவிட்டு மாளிகைக்குத் திரும்பினேன். மழை விட்டிருந்தது. சேற்றுக் காலோடு முன் வாசல் வழியாகவே போனேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மாடியில் மூன்று பேரும் சொட்டச் சொட்ட உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நாசரின் கோட்டு இனி எதற்கும் ஆகாது. கல்கத்தா அம்மாளின் நரைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. ஸ்டூல் மேல் அந்தக் கால்.

செந்தாமரை அளத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "தொட்டுப் பாத்துக்கோ" என்றாள்.

கையைச் சட்டையில் துடைத்தேன். சட்டையும் ஈரம். நாசர் எங்கிருந்தோ ஒரு காய்ந்த துண்டைக் கொடுத்தார். விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு, மண்டியிட்டு, கட்டை முன்னும் பின்னும் அழுத்திப் பார்த்தேன்.

காய்ந்திருந்தது.